கொரியா எசென்ஸும் நம்ம ஊர்க் கழுநீரும்



இந்த வாரம் அரசியல் இல்லை, சினிமா இல்லை, செமஸ்டர் புலம்பலும் இல்லை. முகத்தில் தடவுகிற ஒரு தண்ணீரைப் பற்றி எழுதப் போகிறேன். "போயும் போயும் இதுதானா கிடைத்தது?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள். ஏனென்றால் இந்தத் தண்ணீரில் நெல் இருக்கிறது, நிறம் இருக்கிறது, காசு இருக்கிறது. இது மூன்றும் இல்லாமல் தஞ்சாவூரில் என்ன பேச்சு?

எங்கள் விடுதியில் அறைக்கு ஒரு கொரியப் புட்டியாவது நிற்கிறது. 2010களில் புதுயுகம் தொலைக்காட்சி கொரிய நாடகங்களைத் தமிழ் பேச வைத்துப் போட்டது. அதில் ஆரம்பித்த கிறுக்கு, பிறகு கைப்பேசி வழியாகப் பாட்டு, நாடகம், சமையல் என்று வளர்ந்து, இப்போது குளியலறை அலமாரி வரை வந்துவிட்டது. பட்டுக்கோட்டையிலிருந்து வரும் பெண்ணும், திருவாரூரிலிருந்து வரும் பையனும் "கிளாஸ் ஸ்கின்" என்று ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். அதாவது கண்ணாடி மாதிரி மின்னும் தோல்.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எசென்ஸ் வாங்குவது தப்பில்லை. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது பொருத்தமான பொருள்கூட. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் சிக்கல். ஈரத்துக்காக வாங்கினால் காசுக்கு ஏதோ கிடைக்கும். வெளுப்பதற்காக வாங்கினால் காசும் போகும், அதற்கு மேல் ஒரு ஆபத்தும் வரும். எப்படி என்று பார்ப்போம்.

எசென்ஸ் என்றால் என்ன?

நம்ம வீட்டில் எசென்ஸ் என்றால் கேக்குக்கு இரண்டு சொட்டு விடும் வெனிலா எசென்ஸ்தான். இது வேறு. முகம் கழுவிய பிறகு, க்ரீம் போடுவதற்கு முன்னால் தடவும் மெல்லிய திரவம். டோனரைவிடக் கொஞ்சம் கெட்டி, சீரத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது. பெரும்பங்கு தண்ணீர். அதோடு கிளிசரின், ஹையலூரானிக் அமிலம், பாந்தெனால் போன்ற ஈரம் பிடிக்கும் பொருட்கள். அதற்கு மேல் கம்பெனிக்கு ஒரு விசேஷச் சரக்கு: ஒருவர் நொதிக்க வைத்த ஈஸ்ட் போடுவார், ஒருவர் அரிசிச் சாறு, ஒருவர் பச்சைத் தேயிலை, ஒருவர் நத்தை.

ஆமாம், நத்தைதான். காஸ்ஆர்எக்ஸ் என்ற கம்பெனியின் பிரபலமான எசென்ஸில் 96 சதவீதம் நத்தை ஊறவிடும் வழவழப்பிலிருந்து வடித்தெடுத்த நீர். சுத்த சைவக் குடும்பத்துத் தோழிகள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், பிறகு என்னைக் குறை சொல்ல வேண்டாம் :-)

நொதிக்க வைத்த ஈஸ்ட் கதை ஜப்பானிலிருந்து வந்தது. சாக்கே என்ற அரிசி மதுவைக் காய்ச்சும் கிழவர்களின் முகம் சுருங்கியிருந்தாலும் கை மட்டும் குழந்தைக் கை மாதிரி இருந்ததாம். எஸ்கே-2 என்ற ஜப்பானியக் கம்பெனி தன் எசென்ஸ் பிறந்ததற்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறது. அதன் விலை சாமானியனுக்கு எட்டாது. 2011இல் மிஷா என்ற கொரியக் கம்பெனி அதே பாணியில் விலை குறைந்த ஒன்றைக் கொண்டுவந்து போட்டிக்கு நின்றது. மலிவு விலைக் கொரிய எசென்ஸ்கள் உலகம் சுற்ற ஆரம்பித்ததில் அந்தப் போட்டிக்கு ஒரு பங்கு உண்டு.

அரிசி அவர்களுக்கும் உண்டு

கொரியாவிலும் பெண்கள் அரிசி களைந்த தண்ணீரில் முகம் கழுவும் வழக்கம் பழையது. அதைத்தான் இன்று புட்டியில் அடைத்து, "ரைஸ் எசென்ஸ்", "ரைஸ் டோனர்" என்று பெயர் ஒட்டி நமக்கு அனுப்புகிறார்கள். லேபிளில் "ஒரைசா சட்டைவா" என்று லத்தீனில் இருக்கும். பயந்துவிடாதீர்கள். நம் வயலில் நிற்கும் நெல்லுக்கும் அதுதான் தாவரவியல் பெயர். அவர்களுடையது குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிகா வகை. நம்முடையது இண்டிகா வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமும் இல்லை. 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 ரகமே, ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டிப் பிறந்த பிள்ளைதான்.

ஆக, நெல்லுக்குப் பெயர் போன ஊரில் இருந்துகொண்டு அரிசித் தண்ணீரைக் கப்பலில் வரவழைக்கிறோம். இதைக் கேட்டால் எந்த அப்பாயியும் சிரிப்பார். "ஏன்டி, கழனித் தொட்டியில மாட்டுக்கு ஊத்துறதைத்தான் ஆயிரம் ரூவாய்க்கு வாங்கினியா?" என்பார்.

அப்பாயி சொல்வதில் பாதி உண்மை. அரிசியின் மாவுச்சத்து தோலுக்கு இதமானதுதான். சோப்புச் சரக்கால் எரிச்சல் கண்ட தோலில், அரிசி மாவுச்சத்து கலந்த குளியல் நீர் தோலின் தடுப்புச் சுவரை ஓரளவு சீராக்கியது என்று 2002இல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. தவிட்டில் ஒரைசனால், ஃபெரூலிக் அமிலம், வைட்டமின் ஈ எல்லாம் உண்டு. மில்லில் தவிடு தனியாகப் போய், பாதி மாட்டுக்கும் பாதி எண்ணெய் ஆலைக்கும் போகிறது. கொரியாக்காரர்கள் அந்தத் தவிட்டிலிருந்துதான் சாறு எடுத்துப் புட்டியில் போடுகிறார்கள்.

மீதிப் பாதி உண்மை என்ன? வீட்டுக் கழுநீர் கெடும். புட்டியில் இருப்பதற்குப் பாதுகாப்பான் சேர்த்திருக்கிறார்கள், அமிலத்தன்மையைத் தோலுக்கு ஏற்றபடி வைத்திருக்கிறார்கள். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பி.எச். ஏறக்குறைய 5. கழுநீரை நம் ஊர்ச் சூட்டில் ஒரு பகல் வைத்தால் நுரைத்து நாறும். அதில் எந்தக் கிருமி எவ்வளவு பெருகியது என்று கண்ணால் சொல்ல முடியாது. "கொரியா முறையில் மூன்று நாள் புளிக்க வைத்த அரிசித் தண்ணீர்" என்று காணொளி பார்த்துவிட்டு, உடைந்த பருவின் மேல் அதைத் தடவுவது நல்லதல்ல. நீராகாரம் குடிக்க நல்லது. அதற்காக முகத்தில் பூசலாம் என்று ஆகிவிடாது.

காசில்லாமல் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதல் கழுநீரில் தூசியும் அழுக்கும் இருக்கும், அது மாட்டுக்கு. இரண்டாவது களைந்த நீரை, புளி கரைக்க எடுப்போமே, அதில் ஒரு கிண்ணம் எடுத்து அப்போதே முகத்தில் தடவி, ஐந்து நிமிடத்தில் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மீதியைச் சேர்த்து வைக்காதீர்கள். இதமாக இருக்கும். அதிசயம் எதுவும் நடக்காது.

சோல் குளிரும் தஞ்சை வெயிலும்

கொரியப் பெண்கள் பத்து அடுக்கு பூசுகிறார்கள் என்று சொல்லி, இங்கேயும் சிலர் அதேபோல் பூசுகிறார்கள். சோல் நகரத்தில் ஜனவரி மாதம் வெப்பம் சுழியத்துக்குக் கீழே போகும். காற்று வறண்டிருக்கும், வீட்டுக்குள் சூடேற்றி ஓடும். அங்கே தோலுக்குப் போர்வை மேல் போர்வை தேவை. நமக்கு மார்கழிப் பனியே பெரிய குளிர். மற்ற மாதங்களில் கடல் காற்றும் வயல் ஈரமும் சேர்ந்து, முகம் கழுவி வெளியே வந்தால் கும்பகோணம் பேருந்து ஏறுவதற்குள் வேர்த்துவிடும். அந்த வேர்வையின் மேல் கெட்டி க்ரீம் பூசினால் முகம் எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆகும், பரு வரும்.

எசென்ஸ் நமக்குப் பொருந்துவது இந்த இடத்தில்தான். எண்ணெய் இல்லாமல் ஈரம் மட்டும் தருகிறது. எண்ணெய் வழியும் முகம் இருப்பவர்கள் "எனக்கு மாய்ஸ்சரைசரே வேண்டாம்" என்று காரமான சோப்பைப் போட்டுத் தேய்ப்பார்கள். சாதாரண சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். அது தோலின் மேலடுக்கை உலர்த்தி எரிச்சலைக் கிளப்பும். அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லிய எசென்ஸ் ஒரு நல்ல சமாதானம். பங்குனி முதல் ஆவணி வரை அதுவே மாய்ஸ்சரைசர் வேலையையும் செய்துவிடும். மார்கழி, தை மாதங்களிலும், நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்காருபவர்களுக்கும் மட்டும் அதன் மேல் ஒரு ஜெல் மாய்ஸ்சரைசர் வேண்டும். ஈரம் பிடிக்கும் பொருளுக்கு மேலே ஒரு மூடி இல்லாவிட்டால், வறண்ட காற்றில் அந்த ஈரம் அப்படியே பறந்துபோகும்.

வெளுக்குமா?

இனிதான் முக்கியமான பகுதி. நம் ஊரில் யாரும் "ஈரம் வேண்டும்" என்று எசென்ஸ் வாங்குவதில்லை. "பொண்ணு லட்சணமா இருக்கா, கொஞ்சம் கலர்தான் கம்மி" என்று பெண் பார்க்க வந்த அத்தை சொல்லிவிட்டுப் போன பேச்சு காதில் கிடக்கிறது. அதற்காக வாங்குகிறார்கள்.

கொரியாவில் "மிபேக்" என்று ஒரு வகை உண்டு. அரசு அனுமதி பெற்ற "செயல்படும் அழகுசாதனம்" என்ற பிரிவில் வெண்மைக்கான பொருட்கள் வருகின்றன. நயாசினமைடு 2 முதல் 5 சதவீதம் வரை, ஆர்பியூட்டின் 2 முதல் 5 சதவீதம் வரை என்று அளவும் வகுத்திருக்கிறார்கள். நயாசினமைடு வேலை செய்யும் பொருள்தான். தோலின் நிறமி, அது உருவாகும் செல்லிலிருந்து மேல் செல்களுக்குப் போவதைக் குறைக்கிறது என்று 2002இல் வந்த ஆய்வு காட்டியது. பரு போன இடத்தில் நிற்கும் கறுப்புத் தழும்பு, வெயிலில் வந்த திட்டு ஆகியவை வாரக்கணக்கில் மெல்ல மங்கும். அவ்வளவுதான். பிறவி நிறம் மாறாது. தடவுவதை நிறுத்தி வெயிலில் திரிந்தால் திட்டும் திரும்ப வரும்.

நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறமித் துகளின் அளவும் அது பரவும் விதமும்தான் வித்தியாசம். அது மரபணுவில் எழுதியிருப்பது. மேலே தடவும் தண்ணீர் அதைத் திருத்தி எழுதாது.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகான நிறத்துக்கு "மாமை" என்று பெயர். மாந்தளிர் போன்ற நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். தலைவன் பிரிந்து போனதும் அந்த மாமை போய் உடம்பு வெளிறும். அந்த வெளிறலுக்குப் "பசலை" என்று பெயர். அது நோய்! திருக்குறளில் அதற்கென்றே "பசப்புறு பருவரல்" என்று 119ஆம் அதிகாரம் இருக்கிறது. அன்றைக்குத் தோழி பார்த்துக் கவலைப்பட்ட வெளிறலை, இன்றைக்கு நாம் மாதத் தவணையில் வாங்குகிறோம்.

1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 45 வருடம் அந்தப் பெயரில் விற்று, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2009இல் சென்னையில் "விமன் ஆஃப் வொர்த்" அமைப்பு "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்று இயக்கம் நடத்தியது, நடிகை நந்திதா தாஸும் பிறகு அதில் குரல் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் டியூபில் "ஃபேர்" போய் "க்ளோ" வந்ததும், நம் மனதில் இருந்த "சிவப்பு" போய்விட்டதா? "பிரைட்னிங்", "ரேடியன்ஸ்", "கிளாஸ் ஸ்கின்" என்று மூன்று புதுப் பெயர்களில் அதே ஆசை வந்து உட்கார்ந்திருக்கிறது.

மருந்துக் கடை டியூப்

"சரி, வெளுக்காவிட்டால் என்ன நஷ்டம்? ஆயிரம் ரூபாய்தானே?" என்று கேட்கலாம். இல்லை. எசென்ஸ் ஒரு புட்டி காலியாகும், நிறம் மாறியிருக்காது. வெளுப்புக்காக வாங்கியவர் அங்கே நிற்க மாட்டார். அடுத்து எது "சீக்கிரம்" வெளுக்க வைக்கும் என்று தேடுவார். அப்போது யாராவது ஒரு டியூபின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே கிடைக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அதில் ஸ்டீராய்டு இருக்கும். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

கொடுமை என்னவென்றால், அது வேலை செய்யும். ஒரே வாரத்தில் முகம் தெளிந்த மாதிரி தெரியும். அதனால்தான் விட மாட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து, ரத்த நாளம் சிவப்பாய்த் தெரியும். பரு கொத்துக் கொத்தாக வரும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், சிவக்கும். எரிகிறதே என்று திரும்பத் தடவுவார்கள். தோல் மருத்துவர்கள் இதற்கு "ஸ்டீராய்டால் கெட்ட முகம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தது, பழக்கம் போகவில்லை.

இன்னொன்று பாதரசம். பக்கத்தில் கேரளாவில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர். அதில் 15 பேருக்கு "நெல்-1" என்ற புரதத்தோடு தொடர்புள்ள வகை. (நம் நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் அப்படி.) அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் தடவியவர்கள். கிட்னி இன்டர்நேஷனல் என்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், எசென்ஸ் தன்னளவில் ஆபத்தில்லை. அதை வெளுப்புக்கு முதல் படியாக நினைப்பதுதான் ஆபத்து. அந்தப் படிக்கட்டின் அடுத்த படிகள் இருக்கும் இடம் வேறு.

வாங்குவதென்றால்

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க ஆசையா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் இவற்றைப் பாருங்கள்.

1. பெயரைப் பார்க்காதீர்கள், சரக்குப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் கிளிசரின், பியூட்டிலின் கிளைக்கால், நயாசினமைடு, பாந்தெனால் மாதிரி ஏதாவது இருக்கட்டும். முன்பக்கம் பெரிதாக "அரிசி" என்று எழுதிவிட்டு, பட்டியலில் அரிசி கடைசி வரியில் இருந்தால் நீங்கள் படத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

2. எண்ணெய் முகம், பரு முகம் என்றால் வாசனை சேர்த்ததைத் தவிருங்கள். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கும் சின்னச் சின்னப் பொரிகள் இருந்தால், அது பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். நம் புழுக்கத்தில் சகஜம். அதற்கு எசென்ஸ் மருந்தல்ல, டாக்டர்தான்.

3. இறக்குமதி அழகுசாதனத்துக்கு இந்தியாவில் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி லேபிளில் இறக்குமதிப் பதிவெண், இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி இருக்க வேண்டும். பெரும்பாலும் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அது இல்லாமல் பாதி விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்கலாம். மலிவு என்று மயங்க வேண்டாம்.

4. கொரியப் புட்டியில் இரண்டு தேதி இருக்கும், அல்லது ஒன்றுதான் இருக்கும். தேதியோடு "ஜேஜோ" என்ற சொல் இருந்தால் அது தயாரித்த நாள். "கஜி" என்று முடிந்தால் அதுவரை பயன்படுத்தலாம். கைப்பேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். தயாரித்த தேதியைப் பார்த்துவிட்டுக் "காலாவதியானது" என்று சண்டைக்குப் போகாதீர்கள் :-) திறந்த டப்பா படத்துக்குள் 12 என்று போட்டிருந்தால், திறந்த பிறகு 12 மாதம் என்று அர்த்தம்.

5. முதலில் சின்ன அளவு வாங்குங்கள். முழங்கை மடிப்பில் காலை மாலை என்று ஒரு வாரம், பத்து நாள் தடவிப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம்.

தடவும் முறை

பெரிய வித்தை இல்லை. காரமில்லாத ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, லேசான ஈரம் இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு உள்ளங்கையில் விட்டு, முகத்தில் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், பஞ்சு வேண்டாம், பஞ்சுதான் பாதியைக் குடிக்கும். ஒரு நிமிடம் விட்டு, தேவையென்றால் ஜெல். பகலில் அதன் மேல் சன்ஸ்கிரீன். இரவில் அதுவும் தேவையில்லை. ஏழு அடுக்கு, பத்து அடுக்கு எல்லாம் நம் ஊருக்கு வேண்டாம்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் எசென்ஸ் போடுவது, கரையை அடைக்காமல் வயலுக்குத் தண்ணீர் விடுவது மாதிரி. பங்குனி, சித்திரையில் நம் பகுதியில் புற ஊதாக் கதிர் அளவு உச்சத்தில் இருக்கும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அதைவிட எளிது நிழல். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்களே, அவர்கள் எந்த விளம்பரத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. நாம்தான் குடை பிடிக்கக் கூச்சப்பட்டுவிட்டு ராத்திரி எசென்ஸ் தடவுகிறோம்.

காசுக் கணக்கு

2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 2500 ரூபாய் என்று விலை வைத்தது. நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. அப்படியானால் ஒரு மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். அரிசிச் சாறு எழுதிய ஒரு நடுத்தரக் கொரியப் புட்டியும் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குத்தான் வருகிறது. ஒரு மூட்டை நெல், ஒரு 100 மில்லி தண்ணீர். நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, மழைக்குப் பயந்து, தார்ப்பாய் போட்டு மூடி, நிலையத்தில் நாள் கணக்கில் காத்திருந்து விற்றது ஒரு பக்கம். மறுபக்கம் அந்த நெல்லின் தவிட்டுச் சாறு கொஞ்சம். இதில் கொரியாக்காரனைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. அவன் தன் அரிசியை விற்கத் தெரிந்துகொண்டான். தஞ்சாவூரிலேயே நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்த கல்விக்கூடம் இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தவிட்டை மாட்டுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் அனுப்பாமல் இந்தப் பக்கமும் யாராவது யோசிக்கலாம் என்பது என் ஆசை.

மாணவர்களுக்கு என் வரிசை இது: மாதம் முந்நூறு ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால், சன்ஸ்கிரீன் மட்டும் வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் ஒரு மென்மையான ஃபேஸ்வாஷ். அதற்கும் மேல் இருந்தால், ஆசைக்கு ஒரு எசென்ஸ். ஒரு நாளைக்கு ஒரு மில்லி என்றால் 100 மில்லி மூன்று மாதம் வரும். வீட்டில் அனுப்பிய சாப்பாட்டுக் காசில் கை வைக்காதீர்கள். பருவும் தழும்பும் அதிகமாக இருந்தால் இந்த மூன்றுக்கும் முன்னால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். அரசு மருத்துவமனை, காசு கேட்க மாட்டார்கள். யூடியூப் அக்காவைவிட அங்கே இருக்கும் டாக்டருக்கு நம் தோல் தெரியும்.

முடிவாக

புட்டி வாங்கும் தோழிகளைப் பார்த்து "மேக்கப் பைத்தியம்" என்று கிண்டல் பண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தன் முகத்தைக் கவனிப்பதில் ஒரு பாவமும் இல்லை. நாள் முழுக்க வேர்த்து வந்த பிறகு குளிர்ச்சியாக ஏதோ ஒன்றைத் தடவிக்கொள்வது சின்ன சந்தோஷம், அதைக் கெடுக்காதீர்கள். கெடுக்க வேண்டியது வேறொன்று. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து "கொஞ்சம் கலர் கம்மி" என்று சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள். அத்தையாக இருந்தாலும் சரி, மரியாதையாகவே மறுக்கலாம். அந்த ஒரு பேச்சுதான் அவளை மருந்துக் கடை வரை நடக்க வைக்கிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசலாம். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.